மெர்லிமாவில் ஒரு சட்டி கம்போ

அந்தப் பச்சைப் பொடிதான் முதலில் மாட்டிக்கொண்டது. விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன இது என்றார். குழம்பில் போடும் இலைப்பொடி என்றேன். எந்த ஊர்க் குழம்பு? அமெரிக்கக் குழம்பு. "அமெரிக்காவில் பர்கர் தவிர வேறு ஏதாவது சமைக்கிறார்களா என்ன?" என்று பக்கத்தில் நின்றவரிடம் மலாயில் கேட்டார். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

எனக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். குணசேகரனோடு வருடக்கணக்கில் ஒரே அடுப்படியில் நின்றதில் ஒட்டிக்கொண்டது. அவனைத் தேடித்தான் இந்தப் பயணம்.

நான் கோவில்பட்டிக்காரன். நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நானும், மலாக்கா மாநிலத்து மெர்லிமாவிலிருந்து வந்த குணாவும், டெனிஸ் என்ற கறுப்பினப் பெண்ணும் சேர்ந்து ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். டெனிஸுக்கு எங்கள் வயதுதான். கடை அவள் குடும்பத்துச் சொத்து. கம்போ என்பது அந்த ஊரின் குழம்பு. எல்லாக் கடையிலும் உண்டு, எங்கள் கடைக்கு அதற்காகவே வந்தார்கள். சமைத்தது குணா. போன வருடம் வீட்டில் ஓர் அவசரம் என்று சொல்லி ஊருக்குக் கிளம்பினான், திரும்பவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசுவான். பிறகு அதுவும் நின்றுபோனது.

டெனிஸுக்கு முழங்கால் போய்விட்டது, அடுப்பின் முன் நிற்க முடியாது. நான் சமைத்த கம்போவைச் சாப்பிட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் வராமல் போனார்கள். "நேரில் போ. கூட்டிக்கொண்டு வா," என்றாள் டெனிஸ். "வரமாட்டான் என்றால் அதையும் சொல்லிவிடு. கடையை மூடிவிடலாம்."

மலாக்காவுக்குப் போகும் பஸ் நெடுஞ்சாலையில் புகைவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கிப் புல் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தேங்காய்ப் பூ வைத்த பன் ஒன்றைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். எங்கே போகிறாய் என்றார். மெர்லிமாவ் என்றதும், "அங்கே என்ன இருக்கிறது? செம்பனைத் தோட்டம்தானே இருக்கிறது," என்றார். நண்பன் இருக்கிறான் என்றேன். அப்படியானால் சரி என்பதுபோல் மீதிப் பாதியையும் கொடுத்துவிட்டார்.

மெர்லிமாவ் பஸ் நிறுத்தத்தில் குணாவின் மனைவி லெட்சுமி மோட்டார் சைக்கிளுடன் நின்றிருந்தாள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போன் திரையில் பார்த்த முகம்தான், கொஞ்சம் கறுத்திருந்தது.

"வாங்கண்ணே. பஸ்ஸு லேட்டாலா? பசியாறுனீங்களா?"

பன் சாப்பிட்டதைச் சொன்னேன். பெட்டியை முன்னால் காலிடுக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள். கிளம்பும் முன் தலையைத் திருப்பி, "அண்ணே, சென்ட்டு ஏதும் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லதுலா," என்று சொல்லி வண்டியை எடுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வாழும் குடியிருப்பு அது, தாமான் என்பார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள், வாசலில் மோட்டார்கள், சாமிப் படத்துக்கு மேல் சிவப்பு விளக்கு. சாயங்கால நேரம். ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் ஒரு வாசனை வந்தது. மிளகாய்ச் சம்பல் வதங்குவது, கருவாடு பொரிவது, யாரோ கறிக்குத் தாளிப்பது. குணாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. ஊதுபத்தி வாசனைகூட இல்லை. ஆள் குடியில்லாத வீடு போல இருந்தது.

குணா எழுந்து வந்து கட்டிக்கொண்டான். எலும்பு கையில் பட்டது. "எப்படிடா இருக்க மச்சான்?" என்று அவன்தான் கேட்டான்.

இரவுச் சாப்பாட்டை லெட்சுமி கொல்லைப்புறத்தில் எனக்கு மட்டும் போட்டாள். அங்கே ஜிங்குத் தகட்டுக் கூரைக்குக் கீழே கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. நெத்திலிச் சம்பல், பயற்றங்காய், சோறு. குணா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வெறும் கஞ்சியும் வாழைப்பழமும் சாப்பிட்டான். நான் கேட்பதற்கு முன்பே லெட்சுமி தாழ்ந்த குரலில், "அவரே சொல்வாருண்ணே. நான் சொன்னா கோவிச்சுக்குவாரு," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. குணாவுக்குக் குருபோங்கில் ஓர் ஆலையில் வேலை, பாதி நாள்தான். முடிந்ததும் கிளேபாங் கடற்கரைக்குப் போகலாம் என்று என்னையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டான். அவன் வேலை செய்யும் ஆலையின் வாசலிலேயே எனக்குக் குமட்டியது. கோழிக் கழிவைக் காயவைத்து அரைக்கிற இடம். உள்ளே போகிறவர்கள் இரண்டு முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள். குணா ஒன்றுமே மாட்டாமல் போனான். வெளியே காவலுக்கு இருந்த நேப்பாளி என்னிடம், "உங்கள் நண்பர் பெரிய ஆள். இங்கே யாரும் ஒரு மாதம் தாங்குவதில்லை," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

கிளேபாங்கில் கடைகள் வரிசையாக இருந்தன. தேங்காய் ஷேக், பொரித்த கோழி, பர்கர். கோழிக் கடையின் பலகையில் அமெரிக்கக் கொடி வரைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்காட்லாந்துக்காரன் கொழுப்பில் பொரித்த கோழிக்கு மசாலா தடவி ருசி ஏற்றியவர்கள் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள் என்று டெனிஸ் சொல்வாள். அந்தக் கோழி மலாக்காவுக்கு வந்து மஞ்சளும் செரை என்கிற எலுமிச்சைப் புல்லும் பூசிக்கொண்டு நிற்கிறது. கொடி மட்டும் மாறவில்லை.

நான் ஒரு கடையில் அசாம் பெடாஸ் வாங்கினேன். புளியும் மிளகாயும் போட்ட மீன் குழம்பு. கம்போவில் போடும் வெண்டைக்காய் அதில் முழுசாக மிதந்ததைப் பார்த்ததும் குணாவைக் கூப்பிட்டேன். அவன் தூரத்தில் மணலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வரவில்லை. கடைக்காரர் எட்டிப்பார்த்து, "அவருக்கு வயிறு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். "கஞ்சி வைத்துத் தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். கூடவே மழை. மோட்டாரைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினோம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். டெனிஸ் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் மூக்கு போச்சு, வாசனையே தெரியல. உங்களுக்கெல்லாம் திரும்ப வந்துச்சு. எனக்கும் வந்துடுச்சுன்னு சொன்னேன். வரல மச்சான்."

"அப்புறம் எப்படிடா சமைச்ச?"

"கை ஞாபகத்துலதான். நிறத்தைப் பாத்து, சத்தத்தைக் கேட்டு. யாருக்கும் தெரியலலா. அந்த எறால் வரைக்கும்."

எனக்கு அந்த நாள் தெரியும். இரவில் குளிர்பெட்டி நின்று போயிருந்தது. காலையில் முதல் ஆளாகக் கடையைத் திறந்தவன் குணா. மதியம் கம்போ சாப்பிட்ட டெனிஸின் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார், ஆனால் பழைய ஆள் இல்லை. நாங்கள் எறால் கொண்டுவந்தவனைத் திட்டினோம், குளிர்பெட்டியைத் திட்டினோம். மறு வாரம் குணா ஊருக்குப் போனான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"ஒரு சின்னப் புள்ளைகூட மோந்து பாத்து சொல்லியிருக்கும், கெட்டுப்போச்சுன்னு," என்றான். "நான் கையில அள்ளிப் போட்டேன்."

"இப்ப?"

"இப்ப வந்துடுச்சு. ஆனா வேற மாதிரி வந்துச்சு. வெங்காயம் வதங்குனா லோரி டயர் எரியுது. கோப்பி சாக்கடை மாதிரி இருக்கு. கோழின்னா பொணம். லெட்சுமி பூ வச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்தா..." அதை முடிக்கவில்லை. "டாக்டர்ட்ட காட்டுனேன். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு சொல்லிட்டாரு. அந்த ஆலையில எனக்கு என்ன கஷ்டம்? வீட்டுல அடிக்கிற நாத்தம்தான் அங்கயும் அடிக்குது."

மழை விடவில்லை. போன் செய்து வரவழைத்த பஞ்சர் கடைக்காரன் வேனில் வந்து இறங்கினான்.

இதை டெனிஸிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையோடு ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். லெட்சுமி பாசார்ச் சந்தைக்குப் போகக் கூடையோடு நின்றாள். குணாவும் அங்கேதான் இருந்தான்.

"அண்ணே, அந்தக் கம்போவை இன்னிக்கு வைக்க முடியுமா?" என்றாள். "இவரு இத்தனை வருசம் அங்க சமைச்சாரு. வெள்ளைக்காரன், கறுப்பன் எல்லாம் சாப்பிட்டான். நான் ஒரு வாட்டிகூட சாப்பிட்டதில்ல. லீவுல வந்தா ரெஸ்ட்டு எடுங்கன்னு அடுப்படிக்கே விட மாட்டேன். அப்ப என்ன தெரியும், இப்படி ஆவும்னு."

நான் குணாவைப் பார்த்தேன். அவன் எழுந்து சட்டை மாட்டினான். "இவன் வைக்க வேணாம். நானே வைக்கிறேன்," என்றான்.

பாசாரில், கம்போவில் போடும் தொத்திறைச்சி என்கிற சாசேஜுக்குப் பதிலாக மலாய்க்காரர் கடையில் புகை போட்ட கெளுத்தி வாங்கினோம். செலரி சீனர் கடையில் கிடைத்தது, மெலிந்த தண்டு, காட்டமான வகை. வெண்டைக்காய், குடைமிளகாய், வெங்காயம். எறால் கூடைக்கு முன்னால் குணா நின்றுவிட்டான். ஒவ்வொன்றாக எடுத்துத் தலையை அழுத்திப் பார்த்தான், மேலோட்டை வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு லெட்சுமியின் மூக்குக்கு நேராக நீட்டினான். "மோந்து பாரு." பார்த்தாள், நல்லாயிருக்கு என்றாள். அடுத்ததை நீட்டினான். கூடை முழுவதையும் அப்படியே. பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். லெட்சுமி யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு எறாலையும் முகர்ந்தாள்.

கொல்லையில் காய் நறுக்கும்போது, அமெரிக்கக்காரனுக்கு வெண்டைக்காய் எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஆப்பிரிக்கக்காரர்கள் கொண்டுபோனது என்றேன். கம்போ என்பதே அவர்கள் மொழியில் வெண்டைக்காயின் பெயர்தான் என்பார்கள். மாவை எண்ணெயில் கறுக்க வறுப்பது பிரெஞ்சுக்காரன் வழி. தொத்திறைச்சி செய்யக் கற்றுக்கொடுத்தவர்களில் ஜெர்மன்காரர்களும் உண்டு. இந்தப் பச்சைப் பொடி அந்த மண்ணின் பழங்குடிகள் இடித்தது. நெல்லைப் பயிர் செய்யத் தெரிந்தவர்கள் அடிமைகள். குடைமிளகாய் ஸ்பெயின்காரன் பக்கத்திலிருந்து.

"அப்ப அமெரிக்கக்காரன் எங்கண்ணே இருக்கான் இதுல?"

"எல்லாரையும் ஒரே சட்டியில போட்டப்புறம் வந்த பேருதாம்மா அது."

"பரவால்லலா. எல்லாரும் ஒத்துமையா இருந்திருக்காங்க."

இதே வார்த்தையை ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடையில் சொன்னபோது டெனிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஒற்றுமையாகக் கலக்கவில்லை. பிடித்து வந்தார்கள், விற்றார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள். பசித்தது. இருந்ததைப் போட்டுக் கிண்டினார்கள்," என்றாள். அதை லெட்சுமியிடம் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"எங்க பாட்டனையும்தான் தோட்ட வேலைக்குக் கப்பல்ல ஏத்திட்டு வந்தாங்க."

"நம்மள விக்கல," என்றான் குணா, அடுப்பைப் பற்றவைத்தபடி. "ஆனா கேக்கவும் இல்ல."

ஈரத் துண்டை மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். சட்டியில் எண்ணெய், அதில் மாவு. கிண்டத் தொடங்கினான். அந்தக் கையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. மணிக்கட்டு மட்டும்தான் அசையும், தோள் அசையாது. மாவு வெளுப்பிலிருந்து மணல் நிறத்துக்கு வந்தது, பிறகு புதுச் செப்புக்காசு நிறம். நானாக இருந்தால் அங்கேயே பயந்து நிறுத்தியிருப்பேன். அவன் குனிந்து காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கொதியின் சத்தம் தடித்தது. நிறம் இன்னும் இறங்கி, கறுப்புச் சாக்லேட்டானது. ஒரு கணம் தப்பினால் கரி. டெனிஸுக்கு இன்றே நல்ல செய்தி சொல்லிவிடலாம் போலிருந்தது.

"இப்ப போடு," என்றான்.

வெங்காயமும் செலரியும் குடைமிளகாயும் சட்டியில் விழுந்ததும் ஆவி குப்பென்று எழுந்தது. இருபது வருடமாக அந்த நேரத்தில் எனக்குப் பசி எடுக்கும். குணாவின் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு தடவை கிண்டினான். மூன்றாவதில் கரண்டி கையிலிருந்து நழுவியது. துண்டைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினான். கொல்லைக் கால்வாயில் குனிந்து, காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் வாந்தியெடுத்தான். லெட்சுமி தலையைப் பிடிக்கப் போனாள். அவளிடமும் வெங்காய வாசனை இருந்தது. வராதே என்று கையை ஆட்டினான். அவள் பாதி வழியில் நின்றாள்.

மிச்சத்தை நான்தான் முடித்தேன். குணா கொல்லைக் கதவுக்கு வெளியே, சந்தின் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த மோட்டாரில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து எங்களைப் பார்க்கலாம், வாடை எட்டாது.

லெட்சுமி சோற்றின்மேல் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள். "அண்ணே," என்றாள் என்னிடம், மிக மெதுவாக. "இப்படி ஒண்ண நான் சாப்பிட்டதே இல்லண்ணே. இதையா இவரு தினமும் வச்சாரு?" கண் கலங்கிவிட்டது. குனிந்து சாப்பிட்டாள். மறுபடி போட்டுக்கொண்டாள். மறுபடியும்.

சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குணா குரல் கொடுத்தான். "எப்படி இருக்கு?"

லெட்சுமி தலையை நிமிர்த்தினாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் பெருசா இல்லலா," என்று சத்தமாகச் சொன்னாள். "சாதாரணக் குழம்புதான். நம்ம மீன் கறிக்குக் கிட்ட வராது."

எனக்கு எழுந்து நின்று பொய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. குணா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றான் பிறகு. "சாதாரணக் குழம்புதான்."

சாப்பிட்டு முடித்ததும் அவள் சட்டி, தட்டு, அடுப்பு, தரை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். தலைக்குக் குளித்து உடை மாற்றினாள். பிறகுதான் அவனை வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குணா ஆலை வேனில் கிளம்பினான். கையைப் பிடித்துக்கொண்டு, "டெனிஸுக்கு நீயே சொல்லிடு மச்சான். அவ அண்ணங்கிட்டயும்," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நான் டெனிஸை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், எறாலையும் சேர்த்து. அவள் மாவை எந்த நிறத்துக்கு வறுத்தான் என்று கேட்டாள். சொன்னேன். "மூடிவிடலாம்," என்றாள். குரலில் கோபம் இருக்குமென்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

லெட்சுமி என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள். பச்சைப் பொடி மீதியைத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். செம்பனைக் காய் ஏற்றிய லோரி ஒன்று போனது.

"நேத்து நான் பொய் சொன்னேன்லண்ணே."

"தெரியும்மா. அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்ன. பாவம், அவன் நம்பிட்டான்."

லெட்சுமி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"அவருக்கு மூக்குதாண்ணே போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் மூணு வாட்டி போட்டுத் தின்னதைப் பாத்துக்கிட்டுதானே உக்காந்திருந்தாரு."

பஸ் வந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.